ஐயம் திசை மாறிய கதை

1678இல் லண்டனில் வெளியான ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ நூலில் ஓர் அரக்கன் வருகிறான். பெயர் டெஸ்பேர், நிராசை என்று பொருள். அவன் குடியிருப்பது சந்தேகக் கோட்டையில். வழிதவறி வந்து தன் நிலத்தில் தூங்கிப்போன இரண்டு பயணிகளைப் பிடித்து இருட்டறையில் அடைக்கிறான். புதன் காலை தொடங்கிச் சனி இரவுவரை அவர்களுக்குச் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சமும் இல்லை. அவர்களை என்ன செய்வது என்று அரக்கன் தானாக முடிவெடுப்பதில்லை. இரவில் படுக்கையில் மனைவியிடம் யோசனை கேட்கிறான். தடியால் அடிக்கச் சொல்கிறாள் அவள். பிறகு, தாங்களாகவே உயிரை மாய்த்துக்கொள்ளும்படி அவர்களைத் தூண்டச் சொல்கிறாள். அடுத்து, முன்பு சிக்கிச் செத்தவர்களின் எலும்புகளைக் காட்டி மிரட்டச் சொல்கிறாள். கைதிகள் கள்ளச்சாவி எதையாவது ஒளித்துவைத்திருப்பார்கள் என்று சந்தேகப்படுபவளும் அவள்தான். அவளுடைய பெயர் டிஃபிடென்ஸ்.

இன்றைய ஆங்கில வாசகருக்கு இது புதிராகத்தான் இருக்கும். ‘டிஃபிடென்ட்’ என்ற பெயரடைக்கு இப்போதைய அகராதிகள் தரும் பொருள், தன்னம்பிக்கை குறைந்ததால் பேசவும் செயல்படவும் தயங்குகிற என்பது. டிஃபிடென்ட் மாணவன் விடை தெரிந்தும் கை தூக்கமாட்டான். டிஃபிடென்ட் எழுத்தாளர் கையெழுத்துப் படியை மேசை இழுப்பறையிலேயே வைத்திருப்பார். இப்படிப்பட்ட ஒரு குணத்தின் பெயரை, கணவனுக்குக் கொலை யோசனை சொல்லும் அரக்கிக்குப் பன்யன் ஏன் வைத்தார்? பெட்ஃபோர்டில் 12 ஆண்டுகள் சிறையில் கழித்த பன்யனுக்குச் சொல் பிசகிவிடவில்லை. அவர் எழுதிய காலத்தில் அந்தச் சொல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃபீதெரே’ என்றால் நம்புதல். அதன் முன் விலகலைக் குறிக்கும் ‘திஸ்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘திஃபீதெரே’ ஆனது: நம்ப மறுத்தல், நம்பிக்கையை விலக்கிக்கொள்ளுதல். இந்த வினையில் ‘தன்னை’ என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. யாரை நம்பவில்லை என்பதை வாக்கியத்தின் மற்ற பகுதிதான் சொல்ல வேண்டும்.

இந்த வேரின் குடும்பம் பெரியது. தமிழ்நாட்டில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவும் அதில் உண்டு. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அஃபிடவிட் இந்த வழி வந்தது. ‘அவர் சத்தியம் செய்திருக்கிறார்’ என்பது அந்த இடைக்கால லத்தீன் சொல்லின் நேர்ப்பொருள். நிச்சயிக்கப்பட்ட மணமகனைக் குறிக்கும் ‘ஃபியான்ஸே’, வாக்குறுதிக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபிடெலிட்டி’, ‘போனஃபைடு’, ‘கான்ஃபிடென்ட்’ எல்லாம் பங்காளிகள். ரோமானியர்கள் நம்பகத்தை ‘ஃபிதெஸ்’ என்ற பெண் தெய்வமாக வணங்கி, கிறிஸ்துவுக்கு முந்தைய 3ஆம் நூற்றாண்டில் கேப்பிட்டலின் குன்றில் அவளுக்குக் கோயில் எழுப்பினார்கள். ஆபிரகாம் லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்த்த நாயின் பெயரான ‘ஃபைடோ’வும் அதே வினைச்சொல்தான், லத்தீனில் ‘நம்புகிறேன்’ என்று பொருள்.

குடும்பத்திலேயே வியப்பான உறவு ‘டிஃபையன்ட்’ என்ற சொல்லோடு. எதிர்த்து நிற்கிற, அடங்க மறுக்கிற என்று பொருள்படும் இச்சொல்லும், தயங்கி ஒதுங்குகிற டிஃபிடென்டும் ஒரே முன்னொட்டும் ஒரே வேரும் கொண்டவை. ‘டிஃபை’ என்ற வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிலமானிய ஐரோப்பாவில் பிரபுவுக்கும் அவருக்குக் கட்டுப்பட்டவருக்கும் இடையே விசுவாசப் பிரமாணம் இருந்தது. அதை முறைப்படி முறித்துக்கொள்வதை ‘திஃபிதாத்தியோ’ என்றார்கள். 1215 மே மாதம், மாக்னா கார்ட்டாவுக்குச் சில வாரங்கள் முன்பு, இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் மன்னருக்குச் செய்தது இதைத்தான். இனி உன்னை நம்பவில்லை என்று உரக்க அறிவித்தவன் கலகக்காரன் ஆனான். தன்னையே நம்பாதவன் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போனான். இரண்டு சொற்களும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை.

‘டிஃபிடென்ட்’ ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டில் தென்படுகிறது. அதற்கு அடுத்த இருநூறு ஆண்டுகளில் அது பெரும்பாலும் பிறர்மேல் கொண்ட ஐயத்தையே குறித்தது. ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில், அண்ணன் எட்கரை ஏமாற்ற நினைக்கும் எட்மண்ட், கிரகணங்களால் விளையப்போகும் கேடுகள் என்று ஒரு பட்டியல் வாசிக்கிறான். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே வரும் பகை, நண்பர்கள் நாடு கடத்தப்படுதல் ஆகியவற்றோடு, தேவையற்ற ‘டிஃபிடென்ஸ்’களும் அதில் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் காரணமின்றிச் சந்தேகிப்பது என்பதே அங்கே பொருள். கூச்சத்துக்கு அந்தப் பட்டியலில் வேலையே இல்லை.

மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667இல் வெளிவந்தது. ஏவாளைத் தனியே போகவிட மனமில்லாத ஆதாம், தான் அவள்மேல் டிஃபிடென்ட் ஆக இருப்பதால் தடுக்கவில்லை என்று சமாதானம் சொல்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் இப்படி எழுதினால் வாக்கியமே பிழையாகத் தோன்றும். மில்டன் அங்கே ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல்லைப் பயன்படுத்துகிறார்: இன்னார்மேல், இன்னதன்மேல் நம்பிக்கையில்லாமல். ஐயத்தின் இலக்கு யார் என்பதை அந்த ‘ஆஃப்’ காட்டிக்கொடுக்கிறது. அதே காவியத்தின் 8ஆம் பகுதியில், ஏவாளின் அழகில் மயங்கிய ஆதாமிடம், விவேகத்தின்மேல் டிஃபிடென்ட் ஆகிவிடாதே என்று ரஃபேல் தூதன் எச்சரிக்கும் இடத்திலும் இதே அமைப்புதான்.

இந்தப் பழைய பொருளைத் தத்துவத்தில் நிலைநிறுத்தியவர் தாமஸ் ஹாப்ஸ். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாரிசில் தஞ்சமிருந்து எழுதி, 1651இல் அவர் வெளியிட்ட ‘லெவயதன்’ நூலின் 13ஆம் அத்தியாயம், மனிதர்கள் ஏன் சண்டையிடுகிறார்கள் என்று கேட்டு மூன்று காரணங்களைச் சொல்கிறது: போட்டி, டிஃபிடென்ஸ், பெருமை. போட்டி ஆதாயத்துக்காகத் தாக்கவைக்கிறது. பெருமை, பெயருக்காகத் தாக்கவைக்கிறது. இடையிலுள்ள டிஃபிடென்ஸ் பாதுகாப்புக்காகத் தாக்கவைக்கிறது. பக்கத்து ஊர்க்காரன் என்றைக்காவது நம்மீது பாய்வான் என்ற ஐயம், அவனுக்கு முந்தி நாம் பாய்வதே பத்திரம் என்று தோன்றவைக்கும். எதிராளிக்கும் நம்மைப் பற்றி அதே ஐயம். எவருக்கும் பேராசையோ கெட்ட எண்ணமோ இல்லாமலேயே போர் மூண்டுவிட இது போதும்.

பன்யனின் அரக்கி இந்த உலகத்துக்காரி. வாக்கு என்பதையே நம்பாதவள் அவள். கைதிகள் தப்பிப்பது எப்படி என்பதில் பன்யன் தன் எண்ணத்தைத் திறந்து வைக்கிறார்: கைதிகளில் ஒருவனான கிறிஸ்தியானின் மடியிலேயே ஒரு சாவி இருந்திருக்கிறது, அதன் பெயர் ‘பிராமிஸ்’, வாக்குத்தத்தம். கடவுளின் வாக்கை நம்பாமைக்கு அந்த வாக்கே மாற்று. 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஹானஸ்ட் என்ற முதியவர் அந்த அரக்கியை ஒரே வீச்சில் வீழ்த்துகிறார். இந்த நூலைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியத்தை இயற்றினார்; அது 1894இல் அச்சேறியது.

பிறர்மேல் பாய்ந்த ஐயம் தன்மேல் திரும்பியது 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 18ஆம் நூற்றாண்டுவரை மெல்ல மெல்ல நடந்தது. அந்த மாற்றம் முழுமையடையாத கட்டத்தைக் காட்டும் சான்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1796 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒரு செய்தித்தாளில் வெளியான பிரிவுரையில், ஜார்ஜ் வாஷிங்டன் தன் தகுதிக்குறைவைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்ததாகச் சொல்கிறார். அனுபவம் அந்த உணர்வைக் கூட்டவே செய்தது என்கிறார். அங்கே அவர் டிஃபிடென்ஸ் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. ‘என்மேல்’ என்பதையும் ‘ஆஃப்’ போட்டுச் சேர்க்கிறார். மில்டனின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. ஐயத்தின் இலக்கு மட்டும் பேசுபவராகிவிட்டது. பிற்காலத்தில் ‘என்மேல்’ என்பதைச் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. சொல்லே அதை விழுங்கிக்கொண்டது.

வாஷிங்டனுக்கு இது புதிய உணர்வும் அல்ல. 1775 ஜூன் 16 அன்று அமெரிக்கப் படைகளின் தலைமையை ஏற்றபோதே, அந்தப் பொறுப்புக்குத் தான் ஈடானவன் என்று நினைக்கவில்லை என்று காங்கிரஸ் அவையில் சொன்னவர் அவர். சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை, எட்டு ஆண்டுகள் போரை நடத்தினார். இந்த முரணை லண்டனிலிருந்து கவனித்தவர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட். பெண்ணுரிமைக்காக 1792இல் அவர் எழுதிய நூலில் தன்னடக்கத்துக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தன்னைச் சரியாக எடைபோடுவது வேறு, தன்னைக் குறைத்து மதிப்பிடுவது வேறு என்று அதில் பிரித்துக் காட்டி, வாஷிங்டனை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். அவர் வெறும் பணிவு மட்டும் உள்ளவராக இருந்திருந்தால், அத்தனை பெரிய முயற்சியைத் தன்னை நம்பித் தன் கையில் எடுக்க அஞ்சிப் பின்வாங்கியிருப்பார் என்பது அவர் வாதம். அன்றைய ஒழுக்க நூல்கள் பெண்களுக்கு அணிகலன் என்று போதித்துக்கொண்டிருந்த தயக்கத்தை, ஒரு படைத்தலைவரை உதாரணம் காட்டி அவர் உரசிப்பார்த்தார்.

அதே நூற்றாண்டில் இந்தக் குணத்தைக் கருவியாகவே கையாண்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இளவயதில் வாதத்தில் வெல்வது அவருக்குப் பிடித்தமான விளையாட்டு. பிறகு சாக்ரடீசின் முறையைப் படித்து, தன்னடக்கமுள்ள டிஃபிடென்ஸோடு பேசும் பழக்கத்தை மேற்கொண்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். ‘நிச்சயமாக’, ‘சந்தேகத்துக்கிடமின்றி’ போன்ற சொற்களை விலக்கிவிட்டு, ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’, ‘நான் தவறாக நினைக்கவில்லை என்றால்’ என்று பேசத் தொடங்கினார். எதிர்ப்பவர் தணிந்தார், காரியம் நடந்தது. 1787 செப்டம்பர் 17 அன்று அமெரிக்க அரசியலமைப்பு கையெழுத்தாகும் நாளில், 81 வயது ஃபிராங்க்ளினுக்காக ஜேம்ஸ் வில்சன் வாசித்த உரையும் இந்த உத்தியில்தான் நிற்கிறது. இந்த ஆவணத்தில் எனக்கும் சில குறைகள் தெரிகின்றன. ஆனால் என் தீர்ப்பு தவறாத ஒன்றா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. நீங்களும் உங்கள்மேல் சற்று ஐயப்பட்டுக் கையெழுத்திடுங்கள் என்பது அதன் சாரம்.

ஃபிராங்க்ளின் உண்மையில் தன்னம்பிக்கை குறைந்தவரா என்றால், யாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள். டிஃபிடென்ஸ் ஒரு பேச்சு நாகரிகமாகவும் ஆகியிருந்தது. 18ஆம் நூற்றாண்டு முன்னுரைகளில் ஆசிரியர் மிகுந்த டிஃபிடென்ஸோடு தன் படைப்பைப் பொதுமக்கள்முன் வைப்பது வழக்கம். தமிழ்க் காவியங்களின் அவையடக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கம்பர் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டதை அவருடைய தன்னம்பிக்கைக் குறைவுக்குச் சான்றாக எவரும் எடுத்துக்கொண்டதில்லை. இன்றும் பிரிட்டிஷ் அறிஞர் ஒருவர் ‘சற்று டிஃபிடென்ஸோடு’ என்று தொடங்கினால், அடுத்து வரப்போவது உறுதியான மறுப்பு என்பதை அவையினர் அறிவார்கள்.

குணமாக வரும் டிஃபிடென்ஸை அக்கக்காகப் பிரித்துக் காட்டியவர் ஜேன் ஆஸ்டின். 1811இல் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் எட்வர்ட் ஃபெரர்ஸ் அறிமுகமாகும் இடத்தில், டிஃபிடென்ட், ஷை என்ற இரண்டு சொற்களின் வடிவங்களும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன, ஆனால் ஆளுக்கொரு வேலை. டிஃபிடென்ட் ஆக இருப்பதால் அவன் தன் தகுதியைத் தானே வெளிக்காட்ட முடியாதவன். கூச்சம் விலகியபிறகோ திறந்த, அன்பான மனம் தெரிகிறது. கூச்சம் ஆட்கள் பழகப் பழகக் கரையும். தன் மதிப்பைப் பற்றிய ஐயம் அப்படிக் கரைவதில்லை.

இரண்டாண்டு கழித்து வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இந்த ஆய்வை இரு துருவங்களுக்குக் கொண்டுபோகிறது. ஒரு துருவத்தில் பாதிரியார் காலின்ஸ். எலிசபெத்திடம் திருமணப் பேச்சை எடுக்கும்போது, தனக்குச் சங்கடம் தரக்கூடிய டிஃபிடென்ஸ் எதுவும் அவரிடம் இல்லை என்று ஆஸ்டின் குறிப்பிடுகிறார். அதனால் முறை தவறாமல், வரிசையாகக் காரணங்களை அடுக்கிக்கொண்டு போகிறார். மறுக்கப்பட்டதுகூட அவருக்குப் புரிவதில்லை. மறு துருவத்தில் பிங்லி: பணக்காரன், கலகலப்பானவன், நடனக்கூடத்தில் எல்லோருக்கும் பிடித்தவன். கூச்சம் என்ற பேச்சுக்கே அவனிடம் இடமில்லை. ஆனாலும் ஜேன் தன்னை விரும்புகிறாளா என்ற கேள்வியில் தன் கண்ணையே அவன் நம்பவில்லை. நண்பன் டார்சியின் தீர்ப்பை ஏற்று ஊரைவிட்டே போய்விடுகிறான். பின்னாளில் இதை எலிசபெத்திடம் விளக்கும் டார்சி பயன்படுத்தும் சொல், டிஃபிடென்ஸ்.

கூச்சம் வேறு, டிஃபிடென்ஸ் வேறு என்பதற்குப் பிங்லி போதுமான சான்று. கூச்சமில்லாதவன், ஆனால் டிஃபிடென்ட். நேரெதிரான சான்று வேண்டுமென்றால் லண்டனில், ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, ஓர் இந்திய மாணவரிடம் இருக்கிறது.

மோகன்தாஸ் காந்தி லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவர். எல்லாக் கூட்டங்களுக்கும் போவார், வாய் திறக்கமாட்டார். வெண்ட்னர் என்ற ஊரில் பேச எழுந்தபோது கண் இருண்டு கால் நடுங்க, எழுதி வைத்திருந்ததை நண்பர் வாசிக்கவேண்டியதாயிற்று. ஊர் திரும்பும் முன் தானே ஏற்பாடு செய்த விருந்தில், நகைச்சுவையாகப் பேசத் தயார் செய்திருந்தும் முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆனால் இதே காலத்தில் சங்கத்துக்குள் ஒரு தகராறு எழுந்தது. செயற்கைக் கருத்தடையை ஆதரித்த டாக்டர் அல்லின்சனை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்றார் சங்கத்தின் தலைவரும் பெரும் நன்கொடையாளருமான ஹில்ஸ். அல்லின்சனின் கருத்து காந்திக்கும் உடன்பாடில்லை. எனினும் சைவ உணவை வளர்ப்பதற்கான சங்கத்திலிருந்து அதற்காக ஒருவரை விலக்குவது முறையல்ல என்று அவர் நினைத்தார். அதை எழுதினார். வாசிக்கத் துணிவு வரவில்லை; வேறொருவர் வாசித்தார். அவர் பக்கம் தோற்றது.

குரலுக்கு நடுக்கம், தீர்ப்புக்கு நடுக்கமில்லை. தான் மதிக்கும் மூத்தவரை எதிர்த்து, தனக்கு உடன்பாடில்லாத ஒருவருக்காக நின்ற இளைஞரை டிஃபிடென்ட் என்பது பொருந்தாது. ஷை என்பது முழுக்கப் பொருந்தும். ‘சத்திய சோதனை’யில் அவரே அந்தக் கூச்சத்தைத் தன் கவசம் என்கிறார், சொற்களைச் சிக்கனமாகச் செலவிட அது கற்றுத்தந்ததாம்.

அகராதிக்காரர்கள் இந்த அண்டைச் சொற்களுக்கிடையே வரப்பு போட்டிருக்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின்படி ‘ஷை’ பிறரோடு நெருங்கவும் பழகவும் பின்வாங்குவது. ‘பேஷ்ஃபுல்’ குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் உரிய மருட்சி. ‘மாடெஸ்ட்’ தற்பெருமை இல்லாமை, அதில் தன்னம்பிக்கைக் குறைவு இருந்தாகவேண்டியதில்லை. தன் திறமையின்மீதோ கருத்தின்மீதோ உள்ள நம்பிக்கையின்மையால் பேச்சும் செயலும் தயங்குவதே ‘டிஃபிடென்ட்’. ‘டிமிட்’ என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அதன் வேர் அச்சம். வெளியிலிருந்து ஏதோ வந்து தாக்கும் என்ற உணர்வு. ‘ரெடிசென்ட்’ பேசாதிருப்பதை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

வாக்கியத்தில் இந்தச் சொல் நடந்துகொள்ளும் விதமும் இதை ஒட்டியதே. இன்று அதன் பின்னால் பெரும்பாலும் ‘அபவுட்’ வரும்: தன் ஓவியங்களைப் பற்றி, தன் ஆங்கிலத்தைப் பற்றி, ஆலோசனை சொல்வதைப் பற்றி டிஃபிடென்ட். ஒன்றில் தயங்குபவர் இன்னொன்றில் சிங்கமாக இருக்கலாம் என்பதற்கு அந்த ‘அபவுட்’ இடம் வைக்கிறது. பெயருக்கு முன்னால் வரும்போது ஆளை மட்டுமன்றி, ஆளிடமிருந்து வெளிப்படுவதையும் தழுவும். டிஃபிடென்ட் புன்னகை உண்டு, டிஃபிடென்ட் குரல் உண்டு. கதைகளில் கதவைத் தட்டும் ஓசைகூட டிஃபிடென்ட் ஆகும். பேச்சு வழக்கில் இது அரிது. ‘ஷை’ என்றோ, ‘கான்ஃபிடென்ஸ் இல்லை’ என்றோதான் சொல்வார்கள். டிஃபிடென்ட் என்பது எழுத்து நடையில், கொஞ்சம் உயர்ந்த மேடையில் வாழும் சொல். அதனாலேயே போட்டித் தேர்வுகளுக்கான சொற்பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கிறது.

மாணவர்கள் இதை ‘டிஃபெரென்ட்’, ‘இன்டிஃபெரென்ட்’ ஆகியவற்றோடு குழப்பிக்கொள்வது இயல்பு. ஒலி நெருக்கமே தவிர உறவில்லை. அந்த இரண்டுக்கும் வேர் நம்புதல் அல்ல, சுமந்து பிரித்தல். பொருளிலும் எதிரெதிர்: இன்டிஃபெரென்ட் ஆள் அக்கறையில்லாமல் பேசாதிருப்பார், டிஃபிடென்ட் ஆள் அக்கறை மிகுந்ததாலேயே பேசாதிருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இருவரின் மௌனமும் ஒன்றுபோலத் தெரியும். ஆஸ்டின் இதையும் விட்டுவைக்கவில்லை. மேலே சொன்ன உரையாடலில், டிஃபிடென்ட் பிங்லி ஜேனை விட்டு விலகக் காரணம், அவள் அவன்மேல் இன்டிஃபெரென்ட் ஆக இருக்கிறாள் என்று டார்சி சொன்னது. ஜேன் பேசாதிருந்ததோ இயல்பான அடக்கத்தால்.

20ஆம் நூற்றாண்டில் இச்சொல்லின் பொருள் மாறவில்லை, மதிப்பு மாறியது. 1912இல் டேல் கார்னகி நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு தொடங்கினார். விற்பனையாளர்களும் அலுவலகப் பணியாளர்களும் காசு கொடுத்துக் கற்க வந்தது, முந்தைய நூற்றாண்டுகள் இளைஞர்க்கு அழகு என்று போற்றிய குணத்தை உதறுவதற்காகத்தான். 1936இல் அவர் எழுதிய ‘ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ்’ நூலில் ஃபிராங்க்ளினின் அந்தச் சுயசரிதைப் பகுதி எடுத்தாளப்படுகிறது. மேடையில் தயக்கத்தை விடு, விவாதத்தில் தயக்கத்தை அணிந்துகொள் என்ற இரட்டைப் பாடம் அது. ஆயினும் பழைய மதிப்பு முற்றாக அழிந்துவிடவில்லை. 1945 தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்து, இந்திய விடுதலைக்கும் பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவைக்கும் தலைமை தாங்கிய கிளமென்ட் அட்லியை டிஃபிடென்ட் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும்போது, குரலில் குறை சொல்லும் தொனியைவிட மதிப்பே கூடுதல்.

உளவியலாளர்கள் இச்சொல்லைக் கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது குறிக்கும் பொருளை அளக்க முயன்றார்கள். ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்தாக்கம், ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கை பற்றியது. ஆளின் மொத்தத் தன்மதிப்பிலிருந்து அதை அவர் பிரித்தார்; அதுவும் காரியத்துக்குக் காரியம் மாறும். 1978இல் பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும், சாதித்த பெண்கள் பலர் தங்கள் வெற்றியைத் தற்செயல் என்றும், என்றாவது தங்கள் குட்டு வெளிப்படும் என்றும் நம்புவதை விவரித்தார்கள். ‘இம்போஸ்டர்’ என்ற பெயர் அங்கிருந்து பரவியது.

1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. தர்க்கம், இலக்கணம், நகைச்சுவையை மதிப்பிடுதல் ஆகியவற்றில் நடத்திய தேர்வுகளில், கடைசிக் காற்பங்கில் இருந்தவர்கள் நூற்றுக்கு 12ஆம் படியில் இருந்துகொண்டு தங்களை 62ஆம் படியில் வைத்துப் பார்த்தார்கள். முதல் காற்பங்கில் இருந்தவர்களோ தங்கள் இடத்தைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இந்த விளைவின் ஒரு பகுதி புள்ளியியல் கணக்கு முறையால் தோன்றுவது என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. இருந்தும், தயங்குபவரின் தயக்கத்தை வைத்து அவர் திறமையை அளக்கக்கூடாது என்பதற்கு அது வலுவான எச்சரிக்கை.

பழைய பொருள் ஆங்கிலத்தில் எங்குமே இல்லையா? அரசியல் கோட்பாட்டில் இருக்கிறது. ஒரு நாடு தற்காப்புக்காகப் படை திரட்ட, அதைக் கண்டு அண்டை நாடும் திரட்ட, இருவருமே முன்பைவிட ஆபத்தில் சிக்குவதை 1950இல் ஜான் ஹெர்ஸ் ‘பாதுகாப்புச் சிக்கல்’ என்று வரையறுத்தார். அதை விளக்குபவர்கள் ஹாப்ஸின் டிஃபிடென்ஸுக்கே திரும்புகிறார்கள். ஸ்டீவன் பிங்கர் வன்முறையின் வரலாற்றை எழுதிய 2011ஆம் ஆண்டு நூலில் அந்தச் சொல்லை எடுத்தாளும்போது, அது கூச்சத்தைக் குறிக்கவில்லை என்று வாசகருக்கு விளக்கவேண்டியிருந்தது. இத்தாலிய மொழியிலோ மாற்றமே நிகழவில்லை. அங்கே ‘திஃபிதென்தே’ என்றால் இன்றும் பிறரை நம்பாதவர்தான். போலிகளை நம்பாதீர் என்று பொருட்களின்மேல் அச்சிடுவதும், இன்னும் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினால் ஆட்டத்தடை என்ற நிலையில் உள்ள கால்பந்து வீரரைச் சுட்டுவதும் இதே வினையின் வடிவங்களால்தான்.

‘கான்ஃபிடென்ஸ்’ இன்னும் இரு பக்கமும் பார்க்கிறது: நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞரிடம் இருக்கவேண்டியதும் அதுதான், அமைச்சரவைமீது சட்டமன்றத்துக்கு இருக்கவேண்டியதும் அதுதான். அதன் எதிர்ச்சொல்லான டிஃபிடென்ஸுக்கு மட்டும் உட்பக்கம் நோக்கும் முகமே மிஞ்சியது. தமிழ் இந்த இரண்டு திசைகளுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. பிறர்மேல் என்றால் அவநம்பிக்கை; தன்மேல் என்றால் தன்னம்பிக்கையின்மை. ஆகவே ஆங்கிலம் ஒரே சொல்லில் மறைத்துவைத்திருக்கும் நகர்வை, தமிழில் பெயர்ப்பவர் நூலுக்கு நூல் வெளிப்படையாகத் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. எளிதாகக் கைக்கு வரும் சொற்கள் அதற்கு உதவுவதில்லை. ‘கூச்ச சுபாவம்’ பழக்கவழக்கத்தைச் சொல்கிறது, தீர்ப்பைச் சொல்லவில்லை. ‘தாழ்வு மனப்பான்மை’ நோயின் வாடை கொண்டது. ‘அவையச்சம்’ மேடையோடு முடிந்துவிடுகிறது. திருக்குறளின் ‘அவை அஞ்சாமை’ அதிகாரம் பேசுவது, கற்றும் அவைக்கு அஞ்சுபவரைப் பற்றி, தன் கல்வியையே ஐயுறுபவரைப் பற்றி அல்ல.

‘லெவயதன்’ 13ஆம் அத்தியாயத்தில் ‘தயக்கம்’ என்று எழுதினால் ஹாப்ஸின் வாதம் தலைகீழாகிவிடும்: தயங்குபவர்கள் போர் தொடுப்பதில்லை. அங்கே வேண்டியது ‘ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் அவநம்பிக்கை’. ஃபிராங்க்ளினுக்கு ‘அடக்கமான பேச்சு’ பொருந்தும். ‘தன்னம்பிக்கையின்மை’ அவர் கெட்டிக்காரத்தனத்தை மறைத்துவிடும். பிங்லிக்கு ‘அவநம்பிக்கை’ என்று போட்டால் அவன் நண்பனைச் சந்தேகித்தவன் ஆகிவிடுவான். ஆஸ்டின் எழுதியதோ, டார்சியை அளவுக்குமேல் நம்பி, தன் கண்ணால் கண்டதை நம்பாமல் போன ஒருவனைப் பற்றி.